பவளத் தொட்டியில் ரிட்டர்ன் நாஸில்: நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நாலடி ரீஃப் டேங்க் (பவளத் தொட்டி), வைத்து ஆறு மாதம் ஆகிறது. "அண்ணா, பம்ப பெருசா மாத்திட்டேன், நாஸிலும் புதுசு. ஆனாலும் லெதர் கோரல் மூணு வாரமா விரியவே இல்ல" என்றார். தொட்டிக்கு அடியிலிருந்து பம்ப் திருப்பி அனுப்பும் தண்ணீர் தொட்டிக்குள் பாயும் குழாய்வாயைத்தான் ரிட்டர்ன் நாஸில் என்கிறோம். வீடியோ அனுப்பச் சொன்னேன். இரண்டு நாஸிலும் ஒரே பக்கம் பார்த்து, அந்தக் கோரலின் மேலேயே நேராகப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. பின்பக்கப் பாறை இடுக்கிலோ மீன் கழிவு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. ஒரே தொட்டியில் ஒரு மூலை புயலாகவும் மறு மூலை குட்டையாகவும் இருந்தது.

பவளம் இருந்த இடத்தை விட்டு நகராத உயிர். அதற்கு வேண்டிய உணவும் ஆக்ஸிஜனும் தண்ணீரோடுதான் வரவேண்டும். அது கழிக்கும் சளியும் தண்ணீரோடுதான் போகவேண்டும். அதன் மேல்தோலை ஒட்டி எப்போதும் ஓர் அசையாத நீர்ப்படலம் நிற்கும். ஓட்டம் குறைந்தால் அந்தப் படலம் தடித்து, உள்ளே வருவதும் வெளியே போவதும் மந்தமாகும். அதற்காக ஒரே திசையிலிருந்து பலமாக அடித்தால் எதிர்க்காற்றில் நிற்கும் ஆளைப்போலக் கோரல் சுருண்டுகொள்ளும். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைவிட, அது எங்கெல்லாம் போகிறது, எப்படித் திசை மாறுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நாஸிலின் வேலையும் அதுதான்.

அதற்கு முன் ஒன்று. நம் நாட்டில் கல்பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும் சேர்த்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை எடுப்பதோ விற்பதோ குற்றம். யாராவது "ஒரு பீஸ் இருக்கு, வேணுமா?" என்று கேட்டாலும் வாங்காதீர்கள். லெதர், மஷ்ரூம், சோவாந்திட் போன்ற மென்பவள வகைகளை மனத்தில் வைத்தே நான் எழுதுகிறேன். கல்பவளத் தொட்டிகளுக்காக வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் ஓட்டம் இவற்றுக்கு மிக அதிகம்.

நாஸில் தண்ணீரைப் பெருக்கும் என்று நம்புவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். வாயைக் குறுக்கினால் தண்ணீர் வேகமாகப் பாயும், கை வைத்துப் பார்த்தால் பலமாகத் தெரியும். ஆனால் பம்ப் அனுப்பும் மொத்த அளவு குறைந்துவிடும். முக்கால் இஞ்சு வாயின் பரப்பு, அரை இஞ்சு வாயின் பரப்பைப்போல இரண்டேகால் மடங்கு. பாதியை அடைத்துவிட்டு அதைப் பலம் என்று நினைக்கிறோம்.

அளந்து பார்ப்பது சுலபம். தொட்டிக்குள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கீழே இறங்கும். சம்ப்பில் (தொட்டிக்கு அடியில் கேபினெட்டுக்குள் இருக்கும் சம்ப்பைச் சொல்கிறேன், வீட்டு வாசல் சம்ப்பை அல்ல) இறங்கும் குழாயின் கீழ் 10 லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 36,000ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். என் தொட்டியில் முக்கால் இஞ்சு வாய் இருந்தபோது 20 நொடி, அதாவது 1,800 லிட்டர். அரை இஞ்சு நாஸில் மாட்டியதும் 31 நொடி, 1,160 லிட்டர்தான். பம்ப்பின் அட்டையில் 3,000 என்று அச்சிட்டிருந்தது. அந்த எண் தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது. உயரமும் எல்போவும் நாஸிலும் அதில் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடும்.

எடக்டர் என்று ஒரு வகை உண்டு. நடுவில் பாயும் தண்ணீர் பக்கத்துத் துளைகள் வழியாகச் சுற்றியுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இதில் மட்டும் தொட்டிக்குள் அசையும் நீரின் அளவு உண்மையிலேயே கூடும். ஆனால் அழுத்தம் கொடுக்கும் பம்ப் வேண்டும். நம்மில் பலர் வைத்திருக்கும் சின்ன சப்மெர்சிபிள் பம்ப்பில் மாட்டினால் திணறத்தான் செய்யும். வாத்து மூக்கு மாதிரி அகன்ற வாய் உள்ள நாஸில் இருந்தால் மென்பவளத் தொட்டிக்கு அதுவே போதும். உள்ளே முறுக்கு வைத்து, தண்ணீரைச் சுழற்றி அனுப்பும் வகையும் நன்றாக இருக்கிறது. அதில் அசையும் பாகம் எதுவும் கிடையாது.

ரிட்டர்ன் பம்ப் மட்டுமே எல்லா ஓட்டத்தையும் கொடுக்கவேண்டும் என்பதும் இல்லை. தொட்டி நீரைப்போல மணிக்கு ஐந்தாறு மடங்கு சம்ப் வழியாகச் சுற்றினால் போதும். மிச்சத்தை ஒரு வேவ்மேக்கரிடம் (தொட்டிக்குள்ளேயே நின்று தண்ணீரைத் தள்ளும் சின்ன பம்ப்) விடுங்கள். பெரிய ரிட்டர்ன் பம்ப் வாங்கினால் ஓவர்ஃப்ளோ குழாய் இரவெல்லாம் உறுமும், கரண்ட் பில் ஏறும், தண்ணீரும் சூடாகும். சித்திரை வெயிலில் புதுச்சேரி வீடுகளில் அந்த ஒரு டிகிரியும் பெரிய விஷயம்.

மரை பொருந்தும் என்று நினைத்து வாங்குவது

வெளிநாட்டு நாஸிலின் மரை அமெரிக்க அளவில் இருக்கும். நம் ஊர் பிளம்பிங் கடை ஃபிட்டிங் வேறு அளவு. அரை, முக்கால் இஞ்சில் இரண்டுக்குமே ஓர் இஞ்சுக்கு 14 மரைதான். கோணம் கொஞ்சம் மாறினாலும் டெஃப்லான் டேப் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். ஓர் இஞ்சு அளவு ஃபிட்டிங்கில் அமெரிக்க மரை பதினொன்றரை, நம் ஊர் மரை பதினொன்று. இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பிளாஸ்டிக் வெடிக்கும். நாஸிலைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய், "அண்ணே, இதுக்கு ஏறுற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு, அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நாஸிலை மாட்டும், முண்டு முண்டாக மடங்கும் லாக்-லைன் குழாய் முதலில் மீன்தொட்டிக்காக வந்ததே அல்ல. லேத் பட்டறையில் வெட்டும் இடத்துக்குக் கூலண்ட் விடுவதற்காக வந்தது. புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் மெஷின் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். புதிதாக இருக்கவேண்டும், முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். எண்ணெய் ஓடிய பழையதை யார் சும்மா கொடுத்தாலும் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.

ஒரே திசை, ஒரே அடி

நம் கரைக் குப்பங்களில் வடக்கேயிருந்து வரும் நீரோட்டத்தை வன்னி என்பார்கள், தெற்கேயிருந்து வருவதைத் தெண்டி என்பார்கள். கடல் வருடம் முழுக்க ஒரே பக்கம் ஓடுவதில்லை. அலையோ முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். தொட்டிக்குள் அதில் கொஞ்சமாவது வரவேண்டும்.

எனக்குப் பலன் கொடுத்த முறையைச் சொல்கிறேன். இரண்டு நாஸிலையும் முன்கண்ணாடியின் நடுப்பகுதியைப் பார்த்துத் திருப்பி, இரு தாரைகளும் அங்கே மோதும்படி வைத்தேன். மோதும் இடத்தில் தண்ணீருக்கு ஒரு நிலையான வழி இருக்காது. சிதறும், சுழலும், கண்ணாடியில் பட்டுத் திரும்பும். கோரல்களுக்கு வந்து சேர்வது அந்தச் சிதறல்தான். லெதரின் முனைகள் ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் சாய்ந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எப்போதும் ஒரே பக்கம் படுத்தே இருந்தால் நாஸிலைக் கொஞ்சம் திருப்புங்கள். ஒரு தடவைக்கு ஒரு விரற்கடை போதும், அடுத்த திருப்பலுக்கு முன் இரண்டு நாள் பாருங்கள். லெதர் சில நாள் தானாகவே சுருங்கி, மெழுகுபோல ஒரு தோலை உரிக்கும். அது அதன் சுபாவம். உடனே பதறிப்போய் எல்லாவற்றையும் மாற்றவேண்டாம்.

பாறையைப் பின்கண்ணாடியோடு ஒட்டிச் சுவர்போல அடுக்குவதும் இதில் சேரும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். தெற்கிலிருந்து கரையோரமாக வந்துகொண்டிருந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே நகரத்தின் முன்னாலிருந்த கடற்கரை அரித்துப்போய்க் கருங்கல்தான் மிஞ்சியது. பிறகு தண்ணீருக்குள் எஃகில் ஒரு தடுப்புத் திட்டு போட்டு, அந்த ஓட்டத்தின் போக்கை மாற்றிய பின்தான் காந்தி சிலைப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியது. சின்ன அளவில் நம் தொட்டிக்குள் நடப்பதும் அதேதான். பாறைச் சுவரின் ஒரு பக்கம் மணல் பறிந்து கண்ணாடி தெரியும், இன்னொரு பக்கம் கழிவு குவியும். பின்னால் நாலு விரல் இடம் விடுங்கள், பாறைகளுக்கு நடுவே சந்து விடுங்கள். பெரிய சிரிஞ்சில் கொஞ்சம் தூள் உணவைக் கரைத்துப் பாறைக்குப் பின்னால் விட்டால், தேங்கும் இடம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பார்க்காமல் விடுவது

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் ஓர் இரவு கரண்ட் போய், காலையில் எழுந்தால் ஹாலெல்லாம் உப்புத் தண்ணீர். நாஸில் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே 8 செ.மீ. ஆழத்தில் இருந்தது. பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரியும்வரை தண்ணீரைச் சம்ப்புக்குள் இழுத்துவிட்டது. என் தொட்டி 120க்கு 45 செ.மீ. ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 5.4 லிட்டர்; எட்டு செ.மீ.க்கு 43 லிட்டர். சம்ப்பில் காலியாக இருந்த இடம் 30 லிட்டர். மரக்கதவின் அடிப்பாகம் ஊதிப்போய் மாற்றவேண்டியதாயிற்று.

நாஸிலின் மேல் விளிம்பு மட்டத்துக்கு ஓரிரு செ.மீ. கீழே இருந்தால் போதும். லேசாக மேல்நோக்கி வைத்தால் மேற்பரப்பு சிலுசிலுக்கும். எண்ணெய்ப்படலம் உடைந்து ஆக்ஸிஜன் இறங்கும். அதற்கும் மேலே தூக்கினால் காற்றை உறிஞ்சிக் குமிழி கக்கும், விளக்கின் மேல் உப்புப் பூக்கும். குழாயில் மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளை போட்டால் அதன் வழியே காற்று ஏறிச் சைஃபன் அறுந்துவிடும். ஆனால் அந்தத் துளையைப் பாசியும் குட்டி நத்தையும் அடைக்கும், வாராவாரம் ஒரு பல்குத்தும் குச்சியால் குத்திவிடவேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அதன் இருக்கையில் சுண்ணாம்பு படிந்தால் முழுதாக மூடாது. எதை மாற்றினாலும் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பம்ப்பை அணைத்து, சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று நின்று பாருங்கள்.

நாஸிலையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றவேண்டும். உள்ளே படியும் ஊதாப் பூச்சும் சுண்ணாம்பும் வாயைச் சிறிதாக்கும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கண்ணுக்குத் தெரியாது. வாளிக் கணக்குதான் காட்டிக்கொடுக்கும். பாதி வினிகர், பாதித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். லாக்-லைன் முண்டுகளை வெந்நீரில் போட்டெடுத்தால் உடையாமல் கழன்று வரும்.

கடைசியாக, எந்த நாஸிலும் உதவாத இரவுகள் நமக்கு உண்டு. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மழை தொடங்கும் முன்பே மீனுக்குத் தீனியை நிறுத்திவிட்டேன். இரண்டு பேட்டரி ஏர் பம்ப்பைத் தொட்டியின் இரு மூலைகளிலும் மாட்டினேன். ஒன்றின் பேட்டரி இறங்கும்போது மற்றொன்றை ஓடவிட்டு, நடுநடுவே ஒரு செம்பால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்ததும் முதல் வேலையாகச் சம்ப்பைப் பார்த்தேன். விளிம்புக்கு நாலு விரல் கீழேயே நின்றிருந்தது. லெதர் மூன்றாம் நாள் விரிந்தது.