மலை வீட்டில் குளியலறையைப் புதுப்பிக்கும்போது ஜி.எஸ்.டி.யைக் கணக்கிடுவது எப்படி?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ பழைய வீட்டுக் குளியலறையை இடித்துப் புதுப்பிக்க நினைப்பவர்கள், டைல்ஸின் நிறத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார்கள்; வரியைப் பற்றிய பேச்சு கடைசி பில் கைக்கு வந்த பிறகுதான் தொடங்கும். பொருள்களுக்குரிய வரியை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் கட்ட வேண்டாத இடத்தில் வரி கட்டுவதையும், ஒரே பொருளுக்கு இரண்டு முறை வரி சுமப்பதையும் தவிர்க்க முடியும்.

டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், வாஷ்பேசின், குழாய்கள், பி.வி.சி. பைப், பெயின்ட், கீசர் ஆகிய எல்லாவற்றுக்கும் 18 சதவீதம். 28 சதவீதமாக இருந்த சிமென்ட்டும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மணலுக்கு 5 சதவீதம். கூடலூர் பக்கம் இருப்பவர்கள் கேரளத்திலோ கர்நாடகத்திலோ வாங்கினால் வரி குறையும் என்று எண்ணுவது, மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் மாறிய, 2017 ஜூலைக்கு முந்தைய வாட் வரிக் காலத்துப் பழக்கம். இப்போது எங்கு வாங்கினாலும் வரி ஒன்றே.

சூரிய ஒளி வாட்டர் ஹீட்டருக்கு வரி 5 சதவீதம்தான். எனினும், ஜூன் முதல் பல நாள் மூடுபனியில் கழியும் ஊரில், வரி குறைவு என்பதற்காக மட்டும் அதை வாங்க நான் சொல்லமாட்டேன்.

அட்டைப் பெட்டியில் வரும் பொருள்களில் கவனம் வேண்டும். அவற்றில் அச்சிடப்பட்ட எம்.ஆர்.பி. விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் வரி சேர்க்கக் கூடாது. எங்கள் வீட்டுக்குக் கீசர் வாங்கியபோது, பெட்டியில் 9,900 ரூபாய் என்று இருந்ததை அப்படியே எழுதி, அதன் கீழே 18 சதவீதம் என்று 1,782 ரூபாயையும் சேர்த்து 11,682 ரூபாய்க்கு ஒரு கடையில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். பெட்டியைத் திருப்பி அச்செழுத்தைக் காட்டிய பிறகு அந்த வரியை அடித்துவிட்டார்கள். டைல்ஸ் விஷயம் வேறு: சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் விலை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்பதை முதல் கேள்வியாகவே கேட்டுவிட வேண்டும்.

பெரும்பணம் மாறுவது வேலையை ஒப்படைக்கும் முறையில்தான். பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, மேஸ்திரிக்கும் பிளம்பருக்கும் கூலி மட்டும் கொடுத்தால், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத, ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத அவர்கள் கூலிக்கு வரி கேட்க முடியாது. பதிவு பெற்ற காண்ட்ராக்டரிடம் பொருளோடு சேர்த்து மொத்தமாக ஒப்படைத்தால், கூலிக்கும் அவருடைய லாபத்துக்கும் சேர்த்து முழுத் தொகைக்கும் 18 சதவீதம் வரும். தனி வீட்டைப் புதிதாகக் கட்டும்போது கூலி மட்டுமான ஒப்பந்தத்துக்கு இருக்கும் வரிவிலக்கு, இருக்கும் குளியலறையைப் புதுப்பிக்கும் வேலைக்குப் பொருந்தாது.

வரிக்கு முன் பொருள் 1,00,000 ரூபாய், கூலி 45,000, காண்ட்ராக்டரின் லாபம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,60,000, வரி 28,800, நாம் கொடுப்பது 1,88,800 ரூபாய். நாமே பொருள் வாங்கிக் கூலிக்கு விட்டால், வரியோடு பொருள் 1,18,000, கூலி 45,000 என்று 1,63,000 ரூபாயில் முடியும். ஆனால் தினமும் நின்று வேலை வாங்கும் பொறுப்பு நம்முடையது. கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. காண்ட்ராக்டர் பொருளுக்குக் கடையில் கட்டிய 18,000 ரூபாய் வரியை, தாம் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதைக் கழிக்காமல் பொருளை 1,18,000 என்றே கொட்டேஷனில் எழுதினால், அடிப்படைத் தொகை 1,78,000 ஆகி, வரியோடு 2,10,040 ரூபாயாக ஏறும். இதனால் நமக்கு நட்டம் 21,240 ரூபாய். ஆகவே, "பொருளின் விலை வரிக்கு முந்தையதா?" என்று கேட்டு, பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ கடைக்காரரே சரக்கை அனுப்பி, வண்டி வாடகையையும் பில்லில் சேர்த்தால், வாடகைக்கும் பொருளுக்குரிய வரியே விழும். 6,000 ரூபாய் வாடகைக்கு 1,080 ரூபாய். நாமே மினி லாரி பேசினால் அந்த வரி இல்லை. ஆயினும் பர்லியார் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் வண்டியில் டைல்ஸ் உடைந்தால் யார் ஏற்பது என்று பார்க்கும்போது, அந்த 1,080 ரூபாயைக் கொடுத்து, உடைந்த பெட்டியை மாற்றித் தரும் பொறுப்பைக் கடைக்காரரிடமே எழுத்தில் விட்டுவிடுவது மேல் என்பேன்.

வரி எழுதிய எந்த பில்லிலும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவானால் அது 33 என்று தொடங்கும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. வேலை முடிந்து பிரிக்காத டைல்ஸ் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, விலையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போடச் சொல்லி அவற்றுக்குக் கட்டிய 18 சதவீதத்தையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.