நெல்லைச் சீமைக்குப் புதிதாக வந்து குடியேறுபவர்களுக்கு: ப்ரெஸாவா, நெக்ஸானா?

துபாய், சிங்கப்பூர், டொராண்டோ என்று பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ வந்து இறங்கும் குடும்பங்களுக்கு, வீடு அமைந்ததும் அடுத்த தேவை கார். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறு எஸ்.யூ.வி. போதும் என்று முடிவானால், பேச்சு மாருதி ப்ரெஸா, டாடா நெக்ஸான் இரண்டில் வந்து நிற்பது வழக்கம். இரண்டும் 3,995 மி.மீ. நீளம். இரண்டுக்கும் முன்சக்கர இழுவைதான். நான்கு சக்கர இழுவை எதிலும் கிடையாது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு குணம். வசதிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து எண்ணிக்கொண்டிருக்காமல், எந்தச் சாலையில், எத்தனை பேரோடு, மாதம் எவ்வளவு ஓட்டப்போகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

விலையில் வரி செய்யும் வேலை

2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி. விகிதப்படி, நான்கு மீட்டருக்கு மிகாத காரில் பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளோ டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள்ளோ இருந்தால் 18 சதவீதம். இதில் ஒன்று தாண்டினாலும் 40 சதவீதம். நெக்ஸானின் பெட்ரோல் என்ஜின் 1,199 சி.சி., டீசல் 1,497 சி.சி. இரண்டும் 18க்குள் வந்துவிடும். ப்ரெஸாவின் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. என்பதால், நீளம் குறைவாக இருந்தும் அது 40க்குப் போய்விடுகிறது. ஒரே விலைக்கு இரண்டையும் வைத்துப் பார்த்தால் நெக்ஸானில் ஒரு படி மேலான மாடல் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது தமிழ்நாட்டின் ஆயுள்கால சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றிய விகிதம் இது: 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி ஏறக்குறைய 1.29 லட்சம், 10.1 லட்ச ரூபாய் வண்டிக்கு 1.82 லட்சம். இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்து ஒரு சன்ரூஃப் வாங்கப்போய், ஐம்பத்து மூவாயிரம் வரி சேர்ந்துவிடும். 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ்.ஸும் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், அதற்கு பான் எண் சரியாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பான் கார்டைத் தூசி தட்டி, பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஷோரூம் படி ஏறுவது நல்லது.

எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம்: நம் ஊர் வெயிலுக்கு சன்ரூஃப் வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பின்சீட்டுக்கு ஏ.சி. துவாரம் உள்ள மாடலை எடுங்கள்.

என்ஜின்

ப்ரெஸாவில் நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின். சுமார் 103 பி.எஸ். சக்தி, 137 என்.எம். இழுவை. அந்த இழுவை முழுதாக வருவது 4,400 ஆர்.பி.எம்.மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று). ஊருக்குள் அதிர்வு இல்லாமல் போகும்; வண்ணாரப்பேட்டையிலிருந்து கொக்கிரகுளம் ஆற்றுப்பாலம் வழியாக டவுனுக்குள் ஊர்ந்து போகும் வேளையில் இதன் மென்மை நன்றாகத் தெரியும். ஆனால் ஐந்து பேர், ஏ.சி., டிக்கி நிறையச் சாமான் என்று செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறினால் சீக்கிரம் மூச்சு வாங்கும். அங்கே அவசரப்பட்டு மூன்றாவது கியருக்குப் போகக் கூடாது. இரண்டாவதிலேயே வைத்து 3,000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல் பிடித்துக்கொண்டால் சத்தம் வரும், வண்டி நிற்காது. கேரளத்திலிருந்து இறங்கும் லாரிகளுக்கு நடுவே பாதி வளைவில் கியர் தேடுவதுதான் ஆபத்து.

நெக்ஸானின் பெட்ரோல் மூன்று சிலிண்டர் டர்போ: 120 பி.எஸ்., 170 என்.எம். இழுவை 1,750 ஆர்.பி.எம். அளவிலேயே வந்துவிடுவதால் ஏற்றத்தில் கியர் மாற்றும் வேலை குறைவு. குறை இரண்டு. நின்றிருக்கும்போது மூன்று சிலிண்டரின் நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரியும். டர்போ விழிக்கும் முன் ஒரு சுணக்கம் இருப்பதால், ஸ்பீட் பிரேக்கர் தாண்டி உடனே கிளப்பும்போது புதியவர்கள் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதித்துவிடுவார்கள், வண்டி துள்ளும். இரண்டு நாளில் கால் பழகிவிடும். மலை ஏறி முடித்ததும் சாவியை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். டர்போவின் சூட்டை எண்ணெய் எடுத்துப்போக அந்த நேரம் வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் பழகி வந்தவர்கள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ப்ரெஸாவில் இருப்பது ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்), வளைகுடாவிலும் கனடாவிலும் நீங்கள் ஓட்டிய அதே வகை. நெக்ஸானில் விலை குறைந்தது ஏ.எம்.டி.; மேல் மாடல்களில் டி.சி.ஏ. என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஏ.எம்.டி. என்பது சாதாரண கிளட்சை ஒரு மோட்டார் இயக்கும் ஏற்பாடு. கியர் மாறும்போது வண்டி தலையசைக்கும். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் தட்டு கருகும். வளைகுடாவிலிருந்து வருபவர்கள் அறியாமல் செய்வது இதைத்தான். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், அதுவும் பெற்றோரும் ஓட்டுவார்கள் என்றால் ப்ரெஸா. அல்லது நெக்ஸானில் டி.சி.ஏ.

டீசல் நெக்ஸானில் மட்டும்தான் உண்டு: 115 பி.எஸ்., 260 என்.எம். சங்கரன்கோவில், மதுரை, நாகர்கோவில் என்று மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் ஓடுபவர்களுக்கு அருமையான என்ஜின். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று பாளையங்கோட்டைக்குள்ளேயே சுற்றுபவர்களுக்கு வேண்டாம். புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் படியும் கரியை எரித்துத் தள்ள, புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். ஐந்து கி.மீ. ஓடி அணைப்பதையே வழக்கமாக்கினால் அது அடைத்து, டேஷ்போர்டில் விளக்கு எரியும், கடைசியில் சக்தி குறைந்து வண்டி தவழும். விளக்கு எரிந்த அன்றே நான்குவழிச் சாலைக்கு வந்து நாங்குநேரி வரை 60 கி.மீ. வேகத்துக்கு மேல், 2,000 ஆர்.பி.எம். அளவில், இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். தள்ளிப்போட்டால் ஒர்க்‌ஷாப் செலவுதான்.

சி.என்.ஜி. இரண்டிலும் உண்டு. ப்ரெஸாவில் சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும். நெக்ஸானில் இரண்டு சிறு சிலிண்டர்களைத் தரைக்கடியில் வைத்திருப்பதால் 321 லிட்டர் இடம் மிஞ்சும். நீங்கள் தினமும் போகும் வழியில் சி.என்.ஜி. பங்க் இருக்கிறதா, மாலையில் வரிசை எவ்வளவு என்று நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பு

இதில் நாங்கள் நடுநிலை வகிக்கவில்லை. நெக்ஸான் 2018இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது; கடுமையாக்கப்பட்ட புது விதியின்படி 2024இல் மறுபடியும் ஐந்து வாங்கியது. ப்ரெஸாவுக்கு 2018இல் கிடைத்த நான்கு நட்சத்திரம் பழைய வடிவத்துக்கும் பழைய விதிக்கும் உரியது. 2022இல் வந்த இப்போதைய வண்டிக்கு அதை ஏற்றிச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு ஏர்பேக் இப்போது இரண்டிலும் அடிப்படை மாடலிலிருந்தே வருகிறது. பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் எத்தனை நட்சத்திரம் இருந்தும் பயனில்லை. ஊருக்கு வந்ததும் குழந்தை இருக்கையைக் கழற்றி மாடியில் போட்டுவிடுகிறார்கள் பலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எந்த இடத்தில் இருக்கிறது என்று ஷோரூமிலேயே காட்டச் சொல்லுங்கள்.

இடவசதியில் ப்ரெஸாவுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, அது நியாயமானதுதான். உயரம் 1,685 மி.மீ., நெக்ஸான் 1,620. முழங்கால் வலியுள்ள தாத்தா, ஆச்சிக்குக் குனியாமல் ஏறி உட்கார அந்த உயரம் உதவும். டிக்கி நெக்ஸானில் 382 லிட்டர், ப்ரெஸாவில் 328. குலதெய்வம் கோயில் கொடைக்கு வாழைத்தாரும் பாத்திரமும் ஏற்றிப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். தரையிடைவெளி நெக்ஸானில் 208 மி.மீ.; ப்ரெஸாவில் ஏறக்குறைய 200. கிராமத்து ஸ்பீட் பிரேக்கரில் இரண்டுமே அடி தட்டாது.

நம் சாலைகளில் மட்டும் வருவது

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போகும்போது முப்பந்தலில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். உயரமான வண்டியில் இது கூடுதலாகத் தெரியும். வேகத்தை 70க்குக் குறைத்து இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள், லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் காற்று மறுபடி அடிக்கும். உவரி, திருச்செந்தூர், கூடங்குளம் பக்கம் குடியிருந்தால் உப்புக்காற்று அடித்தகட்டைத் தின்னும். மாதம் ஒருமுறை அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். துருத் தடுப்புப் பூச்சு அடிப்பவர் கதவின் கீழுள்ள நீர்வடி துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காட்டுச் செம்மணலுக்குள் இரண்டு வண்டியையும் இறக்க வேண்டாம். மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் புதையும். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெல்ல எடுக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் சாலையில் பரப்பிய கதிர், தட்டையின் மேல் ஓட்டும்போது வைக்கோல் அடியில் சிக்கும். புகைக்குழாய்ச் சூட்டில் அது தீப்பிடிக்கக்கூடும். தாண்டியதும் ஓரம் நிறுத்திக் குனிந்து பாருங்கள்.

பழைய வண்டி பார்க்கிறீர்களா? 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து மண் கோடு இருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா, தரைவிரிப்புக்கு அடியில் ஈர வாடை வருகிறதா என்று பாருங்கள். அந்த ஆண்டின் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பதும் வாங்குவதும்

டெஸ்ட் டிரைவ் என்று பைபாஸில் ஐந்து கி.மீ. கூட்டிப்போவார்கள். அது போதாது. வீட்டார் நால்வரோடு, மதியம் இரண்டு மணி வெயிலில், ஏ.சி. போட்டு, டவுன் ரத வீதி நெரிசல், வண்ணாரப்பேட்டை மேம்பாலம், பிறகு நான்குவழிச் சாலை என்று ஓட்டக் கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே வழியில் ஓட்டினால்தான் ஒப்பிட முடியும். பின்சீட்டில் பெரியவர்கள் மூவரையும் உட்காரவைத்து அவர்களிடமே கேளுங்கள்.

வலப்புறம் ஓட்டிய நாட்டிலிருந்து வருபவர்கள் முதல் இரண்டு வாரம் காலை ஆறு மணிக்குள் ஓட்டிப் பழகுவது நல்லது. உரிமம் முக்கியம்: பழைய இந்திய உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். புதிதாக எடுப்பதானால் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைத்து முப்பது நாள் கழித்துத்தான் தேர்வு. வண்டி வரும் தேதிக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். பதிவு வழக்கமாக உங்கள் முகவரிக்குரிய ஆர்.டி.ஓ. ஆபீஸில், நெல்லைக்கு டி.என். 72, தென்காசிக்கு டி.என். 76. வாடகை வீடென்றால் எந்த முகவரிச் சான்றை ஏற்பார்கள் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்ரோடு கணக்கை (வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்த விலை) ஒவ்வொரு வரியாக எழுதி வாங்குங்கள். ஹேண்டிலிங் சார்ஜ் என்று இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்றாண்டுக்குக் கட்டாயம், சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு மட்டும் எடுத்து விலை ஒப்பிட்டுப் புதுப்பிக்கலாம்.

பதிவுக்கு அனுப்பும் முன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தயாரித்த மாதத்தைச் சேசிஸ் எண்ணோடு ஒத்துப்பார்க்க வேண்டும். டயரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து டயரிலும் தேதி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கதவு, பானட் திருகுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், சாயம் ஒரு பக்கம் மட்டும் வேறு மினுக்கு என்றால், வேறு வண்டி கேளுங்கள். பதிவு ஆன பிறகு மாற்ற முடியாது.