எழுதப் படிக்கக் கற்ற கதையை மூன்று நிமிட வீடியோவாக்க: பேச்சு முதலில், படம் பிறகு

எழுத்து கற்ற கதையை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி வைத்திருப்பீர்கள். உங்கள் கதையாக இருக்கலாம், நாற்பது வயதில் கையெழுத்துப் போடக் கற்ற அம்மாவின் கதையாக இருக்கலாம். அதை வீடியோவாக்கும்போது வழக்கமாக என்ன நடக்கும்? கட்டுரையை அப்படியே மைக்கில் வாசித்து, பின்னால் புல்லாங்குழலை ஓடவிட்டு, இணையத்தில் கிடைத்த சிலேட்டுப் படத்தை மேலே ஒட்டுவார்கள். ஏழு நிமிடம் ஓடும். இரண்டாவது நிமிடத்திலேயே சொந்தக்காரர்கள்கூட மூடிவிடுவார்கள்.

மென்பொருளை நிறுவுவது, கணக்குத் திறப்பது எல்லாம் இங்கே இல்லை. எடிட்டிங்குக்கு ஷாட்கட், ஒலிக்கு ஆடாசிட்டி. இரண்டும் இலவசம், நம் வேலைக்கு அவை போதும். வாட்டர்மார்க் ஒட்டித் தரும் செல்போன் செயலிகளை இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

படி 1: கதையில் ஒரு நாளை மட்டும் எடுங்கள்

மூன்று நிமிடத்தில் வாழ்க்கை வரலாறு அடங்காது, ஒரு நாள் அடங்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் படித்த ஒரு அம்மாவின் கதை என்று வைத்துக்கொள்வோம். இயக்கம் எப்படி வந்தது, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் வீடியோவில் அதற்கு ஒரு வாக்கியம் போதும். “இது திருமயம் பஸ்ஸா, அறந்தாங்கி பஸ்ஸா?” என்று யாரையும் கேட்காமல் போர்டைப் படித்து அவர் ஏறிய நாள்தான் உங்கள் வீடியோ. அதற்கு முன்னால் அவர் யாரிடம் எதைக் கேட்க வேண்டியிருந்தது, அன்று எந்த எழுத்தைப் படித்தார், அதன்பின் எந்தப் பழக்கம் நின்றது: இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: எழுத்தைப் பேச்சாக்குங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. கட்டுரைத் தமிழைக் குரலில் கேட்டால் செய்தி வாசிப்பு போல இருக்கும்.

கட்டுரையில்: “பேருந்தின் முகப்பில் எழுதப்பட்டிருந்த ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.”

வீடியோவில்: “பஸ்ஸு வந்து நின்னுச்சு. போர்டப் பாத்தேன். தி... ரு... ம... யம். யாரையும் கேக்கல. ஏறிட்டேன்.”

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் போகும். மூன்று நிமிடத்துக்கு 240 சொற்கள் எழுதினால், மூச்சுவிடவும் படம் தனியாகப் பேசவும் கொஞ்சம் இடம் மிஞ்சும். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் 150 சொல் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை.

கதை அம்மாவுடையது என்றால் அவர் கையில் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். தாமதமாகப் படிக்கக் கற்றவர், எழுதிக் கொடுத்ததை வாசிக்கும்போது பரீட்சை எழுதுகிறவர் போல ஆகிவிடுவார். கேள்வி கேட்டுப் பேசவிட்டுப் பதிவு செய்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். “அப்ப எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “சந்தோசமா இருந்துச்சு” என்பதோடு முடிந்துவிடும். “போர்டுல எந்த எழுத்தும்மா மொதல்ல புரிஞ்சுது?” என்று கேளுங்கள், கதை வரும். அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பதை ஒரே ஓர் இடத்தில் வையுங்கள். அந்தத் தடுமாற்றத்தை வெட்டிச் சீராக்க வேண்டாம்.

படி 3: குரல் பதிவு

ஐந்நூறு ரூபாய் மைக் தேடுவதற்கு முன் ஃபேனை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கிறதா என்றும் பாருங்கள். வெற்றுச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள ஹாலில் குரல் எதிரொலிக்கும். மெத்தை, துணி அடுக்கிய பீரோ, கனமான திரை உள்ள அறையே நல்லது. செல்போனை வாயிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி ‘புஸ்’ என்று கேட்கும். கிடைக்கும் கோப்பு வடிவங்களில் வேவ் (WAV) இருந்தால் அதையும், 48 கிலோ ஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள்.

பேச்சு முடிந்ததும் அதே இடத்தில் 30 விநாடி யாரும் பேசாமல் பதிவை ஓடவிடுங்கள். எல்லாரும் மறப்பது இதைத்தான். வெட்டிய இடங்களில் வெறும் நிசப்தம் வைத்தால் காதுக்குப் பள்ளம் விழுந்தது போல இருக்கும், அங்கே இந்த அறைச் சத்தத்தை இட்டு நிரப்ப வேண்டும். ஆடாசிட்டியில் இரைச்சல் குறைக்கும்போது மாதிரியாகக் காட்டவும் இதுவே உதவும்.  அங்கே குறைக்கும் அளவை 6 அல்லது 8 டெசிபலில் வையுங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். கடைசியில் ஒலியளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்-க்கு (LUFS, காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு) சமன் செய்யுங்கள்.

சேர்க்கை: வெளியூரில் இருக்கும் உறவினரிடம் குரல் வாங்கும்போது வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக வாங்காதீர்கள், அது ஒலியை நன்றாக அமுக்கிவிடும். போனில் உள்ள ரெக்கார்டரில் பேசி, கோப்பை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: படங்கள்

ஒரு படத்துக்கு ஆறேழு விநாடி என்றால் மூன்று நிமிடத்துக்கு 25 முதல் 30 படம் தேவை. வகுப்பில் எடுத்த படம் பெரும்பாலும் இருக்காது. அதற்காக இணையத்திலிருந்து யாரோ ஒரு பெண்ணின் படத்தை எடுத்துப் போட்டால், பார்ப்பவர் அதை உங்கள் அம்மா என்றே நினைப்பார். பொருள்களைப் படம் எடுங்கள்: கைநாட்டு வைத்த பழைய பத்திரம், முதன்முதலாகக் கையெழுத்திட்ட காகிதம், இப்போது அதே தடத்தில் ஓடும் பஸ்ஸின் போர்டு, எழுதுகிற கை. ரேஷன் கார்டு, ஆதார் எண், முகவரி தெரிந்தால் மறைத்துவிடுங்கள்.

பழைய ஒட்டு ஆல்பத்திலிருந்து போட்டோவைப் பிய்த்து எடுக்காதீர்கள், மேல்பூச்சு உரிந்துவிடும். பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், முகத்தை நோக்கி மெல்ல நெருங்கினாலும் படம் உடையாது. ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

கதை 1978-க்கு முந்தையது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை எல்லாம் முன்னால் கொம்பு வளைந்த வடிவில் இருந்தன. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. 1965-இல் நடக்கும் காட்சியில் சிலேட்டில் இன்றைய ‘லை’ தெரிந்தால் விவரம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். வழக்கமான எழுத்துருக்களில் அந்தப் பழைய வடிவம் வராது. பழைய வடிவில் எழுதத் தெரிந்த பெரியவரைச் சிலேட்டில் எழுதச் சொல்லிப் படம் எடுங்கள். பாட்டி இன்னும் கொம்புள்ள ‘லை’தான் எழுதுகிறார் என்றால் அந்தக் கையெழுத்தில் பத்து விநாடி நில்லுங்கள். பின்னணிக் குரல் சொல்லாததை அது சொல்லும்.

படி 5: கோர்ப்பது

முதலில் ஒரே ஃபோல்டரில் குரல், படம், எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் ஷாட்கட்டைத் திறக்க வேண்டும். அதன் திட்டக் கோப்பில் படங்கள் இருக்காது, அவை எங்கே இருக்கின்றன என்ற விலாசம் மட்டுமே இருக்கும். பாதியில் ஃபோல்டரை நகர்த்தினால் ‘கோப்பைக் காணோம்’ என்று வரும். படத்தின் அளவுக்கு 1080பி, வேகத்துக்கு விநாடிக்கு 25 ஃப்ரேம் தேர்ந்தெடுங்கள்.

குரலை முழுக்க வெட்டி முடித்து, கண்ணை மூடிக் கேட்டுச் சரி என்று பட்ட பிறகே படம் வையுங்கள். “பஸ்” என்று சொல்லும் அதே நொடியில் பஸ் படம் வைப்பது பாலர் பாடம். ஒரு விநாடி முன்னதாகவோ பின்னதாகவோ வையுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம், யூடியூபில் காப்புரிமைக் கோரிக்கை வரும்.

சேர்க்கை: அம்மா பேசும் வீடியோவில் கடைசி நிமிடத்தில் வாயும் சத்தமும் விலகுகின்றன என்று பலர் கேட்டிருந்தார்கள். செல்போன்கள் மாறும் ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்வதே காரணம். அந்தக் கோப்பைச் சேர்க்கும்போது மாற்றிக்கொள்ளவா என்று ஷாட்கட்டே கேட்கும். சரி என்று சொல்லுங்கள்.

படி 6: திரையில் தமிழ் உடையாமல்

எழுத்தறிவு பற்றிய வீடியோவில் எழுத்தே உடைந்து தெரிந்தால் எப்படி இருக்கும்? ஒருங்குறியில் (யூனிகோட்) ‘கொ’ என்பது ‘க’வும் அதன்பின் ஓர் ஒகரக் குறியும்தான். அந்தக் குறியைப் பிரித்து ஒற்றைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருள் கொம்பைப் பின்னால் தள்ளும், அல்லது புள்ளிவட்டம் காட்டும். எதைப் பயன்படுத்தினாலும் முதலில் “கொடி, கோழி, பௌர்ணமி, ஸ்ரீரங்கம்” என்று அடித்துப் பாருங்கள். ஷாட்கட்டில் சரியாக வரும். அடோபி பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் எழுத்து எஞ்சினைத் தெற்காசியத்துக்கு மாற்ற வேண்டும். வேறு எதிலாவது உடைந்தால் சண்டை போடாதீர்கள், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதிப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவாருங்கள்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரையை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். எழுத்துருவுக்கு முக்த மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் ‘கு’ கீழ்வரியின் ‘கி’யோடு மோதும்.

வசனவரிக் (சப்டைட்டில்) கோப்பைப் பழைய விண்டோஸின் நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்க மறந்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பேச்சுத் தமிழைப் பேசியபடியே எழுதுங்கள். “கேக்கல” என்று காதில் விழும்போது “கேட்கவில்லை” என்று ஓடினால் கண்ணும் காதும் சண்டையிடும்.

படி 7: வெட்டியதை எழுதி வைத்தல்

வகுப்புக்காகச் செய்கிறவர்களிடம் வீடியோவோடு ஒரு பின்னோக்குக் குறிப்பும் கேட்பார்கள். கடைசி இரவில் உட்கார்ந்தால் “நிறையக் கற்றுக்கொண்டேன்” என்பதைத் தவிர எதுவும் வராது. எடிட் செய்யும் நாள்களிலேயே ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு வையுங்கள்: எந்த வாக்கியத்தை வெட்டினேன், அதன் வேலையை எந்தப் படம் அல்லது சத்தம் செய்தது, எதை வீடியோவில் கொண்டுவரவே முடியவில்லை. மூன்றாவது பத்தியில்தான் குறிப்பின் சாரம் இருக்கும். ‘அவமானமாக இருந்தது’ என்ற கட்டுரை வரி, வீடியோவில் பஸ் புழுதியும் இரண்டு விநாடி மௌனமுமாக மாறியிருந்தால் அதை நேரக்குறியோடு எழுதுங்கள்: 1:12, வரி போனது, மௌனம் வந்தது.

முடிந்த வீடியோவைக் கோப்பாக வெளியேற்றும்போது (எக்ஸ்போர்ட்) எம்பி4, எச்.264 தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். அம்மாவிடம் காட்டாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். அவர் எடுக்கச் சொல்லும் இடத்தை எடுத்துவிடுங்கள்.