மன அழுத்தத்துக்கு நடைப்பயிற்சி: நாடியை எண்ணித் தொடங்கும் முறை

மூன்று வருடம் முன்பு, வரிக் கணக்கு முடிக்கும் மாதங்களில் எனக்கு இந்தத் தொல்லை ஆரம்பித்தது. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும், தாடை இறுகிக் கிடக்கும். ஈசிஜி, தைராய்டு எல்லாம் எடுத்துப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. "டென்ஷனைக் குறைங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார் மருத்துவர். எப்படிப் பண்ணுவது என்பதில்தான் நான் சறுக்கினேன். படபடப்போடு நெஞ்சுவலியோ மயக்கமோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், படி 2 புரிய அது வேண்டும். பயமோ நெருக்கடியோ வந்தால், மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் நரம்பு வழியாகத் தகவல் அனுப்பும். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சில நொடிகளில் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமாக அடிக்கும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடும், செரிமானம் மந்தமாகும். இது முதல் அலை. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏவ, அதே அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரண்டாவது அலை. அது ஏறவே பல நிமிடம் எடுக்கும், இறங்குவதும் மெதுவாகத்தான். கார்ட்டிசால் கெட்டது இல்லை. காலையில் விழிக்கும் நேரத்தில் உச்சத்திலும் நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்திலும் இருப்பது அதன் இயல்பு. நாள் முழுக்க நெருக்கடி ஓயாவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் குழம்பிவிடும்.

படி 1: காலை நாடி

எழுந்ததும், காபிக்கு முன்னால், படுக்கையிலேயே எண்ணுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு 60 நொடி. கட்டைவிரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவதும் வேண்டாம், ஒன்று பிசகினால் நாலு பிசகும். ஒரு வாரம் எழுதி வாருங்கள்.

நொடி முள் ஓடும் சுவர்க் கடிகாரமும் பழைய டைரியும் எனக்குப் போதும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் 'ஸ்ட்ரெஸ் ஸ்கோர்' தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்பேன். மூன்று மணிக்கு விழித்தவன் அதையும் பார்த்தால் தூக்கம் திரும்ப வராது.

படி 2: வேகம் (இங்கேதான் நான் தவறினேன்)

மருத்துவர் சொன்ன மறுநாளே 5 மணிக்கு எழுந்து 4 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு இரைக்க, வேர்த்துக் கொட்ட ஓடினால் டென்ஷன் எல்லாம் போய்விடும் என்று நம்பினேன். ஓடி முடித்த ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் டைரியில் 78 என்று இருந்த காலை நாடி 86 ஆகிவிட்டது. தூக்கம் இன்னும் மோசம், மாடிப்படி ஏறினாலே கால் கனத்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. கடும் உடற்பயிற்சியும் உடம்புக்கு ஒரு நெருக்கடிதான், அதே கார்ட்டிசாலைத்தான் ஏற்றும். 1936-இல் ஹான்ஸ் செல்யே, மான்ட்ரியலில் இருக்கும் மெக்கில் பல்கலைக்கழகத்தில் செய்த எலி ஆய்வை வெளியிட்டார். குளிர், காயம், மருந்து என்று எதைக் கொடுத்தாலும் எலிகளின் உடம்பில் ஒரே மாதிரி மாற்றங்கள் வந்தன. அட்ரினல் வீங்கியது, வயிற்றில் புண் வந்தது. அவர் கொடுத்த நெருக்கடிகளின் பட்டியலில் அளவு மீறிய உடலுழைப்பும் இருக்கிறது. தூக்கம் கெட்ட உடம்பின் மேல் நான் இன்னொரு மூட்டையை ஏற்றியிருக்கிறேன்.

சரி, எது சரியான வேகம்? நடந்துகொண்டே ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு, மூவேழ் இருபத்தொண்ணு..." இரண்டு மூன்று வரி ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்கினால் குறையுங்கள். பாட்டே பாட முடிகிறதென்றால் கொஞ்சம் கூட்டுங்கள். நான் ஓட்டத்தை விட்டுவிட்டு மொட்டை மாடியில் இப்படி 20 நிமிடம் நடந்தேன். பத்தாம் நாள் வாக்கில் ஒரு ராத்திரி விழிப்பே வரவில்லை. அந்த நாளை டைரியில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன்.

படி 3: கூட்டுவது

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. அதை முதல் வாரமே எட்ட வேண்டியதில்லை. 20 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். காலை நாடி வழக்கத்தைவிட 7, 8 கூடி இரண்டு நாள் நின்றால் அன்று கூட்டாதீர்கள், பாதி நேரம் நடங்கள். காய்ச்சல் வரப்போகிறது என்றாலும் நாடி இப்படித்தான் ஏறும். எனக்கு 70-க்கு இறங்க ஐந்து மாதம் ஆனது.

ரப்பர் செருப்போடு நடக்காதீர்கள். குதிகாலைப் பிடித்து நிறுத்தும் சாதாரண ஷூ போதும், விலை கூடியது தேவையில்லை.

படி 4: முடிப்பது

நடையைச் சட்டென்று நிறுத்தாமல் கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் உட்கார்ந்து நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கும். நாடியில் விரல் வைத்துப் பாருங்கள், அந்தத் தணிவு விரலுக்கே தெரியும்.

பின்சேர்க்கை: பிபி மாத்திரை சாப்பிடும் ஒரு வாசகர், தனக்கு நாடி ஏறவே இல்லையே என்று கேட்டிருந்தார். அட்டெனோலால், மெட்டோபிரோலால் வகை மாத்திரைகள் துடிப்பை அடக்கி வைக்கும். அவர்கள் எண்ணிக்கையை நம்பாமல் வாய்ப்பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் தூங்கி எழும் நேரத்தில் எண்ணினால் போதும், மதியம் 3 மணி ஆனாலும் பரவாயில்லை. இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது சட்டைப்பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுங்கினாலோ குளிர்ந்து வேர்த்தாலோ நடையை நிறுத்தி உட்கார்ந்து உடனே அதைச் சாப்பிடுங்கள்.