கத்திரி வெயிலில் மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி?

மே மாதம் மதியம் 2 மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால் தக்காளி, கத்தரி, அவரை எல்லாம் தலை தொங்கிக் கிடக்கும். பதறிப்போய்க் குழாயைத் திறந்துவிடாதீர்கள். முதல் வருஷம் நான் அதைத்தான் செய்தேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை ஊற்றி, வேர் அழுகி, இரண்டு தக்காளிச் செடிகள் போயின.

உச்சி வெயிலில் இலை விடும் ஈரத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. மண் ஈரமாக இருந்தாலும் செடி துவளும். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் கவலையில்லை. விடிந்த பிறகும் துவண்டே கிடந்தால் மண்ணைப் பார்க்க வேண்டும்.

1. ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். மேல் மண் வெளுத்துத்தான் கிடக்கும், அதை நம்ப வேண்டாம். உள்ளே ஈரமண் விரலில் ஒட்டினால் இன்றைக்கு விட்டுவிடுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் ஊற்றுங்கள். சின்னத் தொட்டி என்றால் தூக்கிப் பார்த்தாலே கனத்தில் தெரிந்துவிடும்.

2. காலை 7 மணிக்குள் ஊற்றி முடியுங்கள். முடியாதவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றலாம். வெயிலில் கிடந்த ஓஸில் முதலில் வருவது கிட்டத்தட்ட வெந்நீர்! கை பொறுக்கும் வரை பக்கெட்டில் பிடித்து வையுங்கள்.

3. எல்லோரும் கோட்டைவிடும் இடம் இது. நன்றாகக் காய்ந்த மண் சுருங்கி, குரோ பேக்கின் (செடி வளர்க்கும் பையின்) ஓரத்தை விட்டு விலகி நிற்கும். மடமடவென்று ஊற்றினால் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி, அடித்துளையில் வந்துவிடும். நாமும் வயிறு நிறைந்தது என்று நினைத்துக்கொள்வோம். நடு வேரோ சொட்டு நனைந்திருக்காது. அதனால் ஆளுக்கொரு சொம்பு ஊற்றிக்கொண்டே போய், மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி முதல் செடியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் சுற்றில் மண் உறிஞ்சுவது கண்ணுக்கே தெரியும். அடியில் கசிந்ததும் நிறுத்துங்கள். ரொம்பவும் இறுகிப்போன தொட்டியைத் தண்ணீர் நிரப்பிய பேசினில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் சரியாகும்.

4. மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலை, வாழைச் சருகு, தேங்காய் நார் எது கிடைத்தாலும் சரி. தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். மண் நிழலில் இருப்பதால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும்.

5. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும்.

அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைத் தினமும் ஊற்றாதீர்கள், உப்பு சேர்ந்து மண் மேல் வெள்ளை பூத்துவிடும். கற்றாழையை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இரண்டு நாள் ஊருக்குப் போவதென்றால், தொட்டிகளைச் சுவரோர நிழலில் நெருக்கி வைத்து, கிளம்பும் அன்று காலை இரண்டு சுற்று ஊற்றிவிட்டுப் போங்கள்.