லியான் வேரின் கடைசி இசைத்தட்டு: வாங்கும்போதும் ஓடவிடும்போதும் பார்க்க வேண்டியவை

அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயின் 1976 ஆல்பம் 'ஐ வான்ட் யூ'வுக்குப் பின்னால் இருந்த கை, பாடலாசிரியரும் பாடகருமான லியான் வேருடையது. தனக்கென்று செய்துகொண்டிருந்த பாட்டுகளை, மோடவுன் இசை நிறுவனத்தின் அதிபர் பெர்ரி கோர்டி விரும்பியதால் கேய்க்குக் கொடுத்தார். அதே ஆண்டு தன் குரலில் வெளியிட்ட 'மியூசிக்கல் மசாஜ்' கவனிப்பாரற்றுப் போனது. அவர் 2017இல் மறைந்தபின், 2019இல் பி வித் ரெக்கார்ட்ஸ் இரட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்த 'ரெயின்போ டூ' அவசியம் வாங்க வேண்டிய ஒன்று. ஆனால் வேர் காதோரம் பேசுவதுபோல் பாடுகிறவர். உரத்துப் பாடுகிறவர்களின் தட்டில் அமுங்கிப்போகும் குறையெல்லாம் இவர் தட்டில் அப்படியே கேட்கும்.

இதுபோன்ற பிற்கால ஆல்பங்கள் எதை வாங்கினாலும் முதலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று கூட்டிப் பாருங்கள். சிடி காலத்து ஆல்பம் 60, 70 நிமிடம் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம்தான் சௌகரியம். 25ஐத் தாண்டினால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அதற்காக ஒலியளவையும் பாஸையும் குறைப்பார்கள். நாம் வால்யூமைக் கூட்டுவோம், கூடவே இரைச்சலும் ஏறும். நீண்ட ஆல்பம் ஒற்றைத் தட்டில் வந்திருந்தால் யோசியுங்கள். 180 கிராம் என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம், தட்டின் எடை கூடியதால் ஒலியின் தரம் கூடிவிடாது.

தட்டு கைக்கு வந்ததும் நடுத்துளையைச் சோதியுங்கள். ஓடவிட்டு, முன்பக்கமாகக் குனிந்து ஊசியைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 விநாடிக்கு ஒருமுறை, ஊசி இடமும் வலமும் ஆடினால் துளை மையம் தப்பியிருக்கிறது. எலெக்ட்ரிக் பியானோ நீட்டி ஒலிக்கும் இடங்களில் சுருதி அலைவது காதுக்கே தெரியும். தட்டு லேசாக மேலும் கீழும் ஏறி இறங்கினால், சுருதி கெடாதவரை விட்டுவிடலாம். துணி கிழிவதுபோல் 'சர்ர்' என்று ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தால், அச்சில் பிவிசி பிளாஸ்டிக் முழுதாக நிரம்பாத குறை அது. எவ்வளவு கழுவினாலும் போகாது. ஒலியோடு வீடியோ எடுத்து அனுப்பி, கடையின் கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.

வெறும் 'டிக் டிக்' என்றால் தூசியோ நிலைமின்னோ. புதுத் தட்டிலும் காகித உறையின் தூள் ஒட்டியிருக்கும். கார்பன் ஃபைபர் பிரஷ்ஷை அழுத்தாமல் தொட்டபடி இரண்டு மூன்று சுற்று விடுங்கள். போகாவிட்டால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் திசையிலேயே துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு பள்ளத்திலேயே காய்ந்து படியும். பிறகு உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள உறைக்கு மாற்றுங்கள்.

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது 'ஸ', 'ச' ஒலிகளில்தான். தட்டின் ஓரத்தில் ஊசிக்கடியில் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிளுக்கு அருகே அது 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுவதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் வேரின் குரல் சீறும். தட்டைப் பழிக்குமுன் ஊசி தட்டை அழுத்தும் எடையை அளந்துவிடுங்கள்: உங்கள் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அழுத்தும் எடை குறைந்த ஊசிதான் பள்ளத்துக்குள் துள்ளி, சுவரைச் சேதப்படுத்துகிறது.

முதல் பாட்டிலேயே சீறினால் ஊசிமுனையில் அழுக்கு, அல்லது தேய்மானம். கடைசிப் பாட்டில் மட்டும் என்றால் அளவுத்தாளை (கோணம் பார்க்கக் கோடு போட்ட தாள்) வைத்து கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிசெய்யுங்கள். வலது ஸ்பீக்கரில் மட்டும் என்றால் ஊசிக்கை உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்ட்டி-ஸ்கேட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அதே சொல்லில் அதே சீறல் என்றால் இன்னொருவர் டர்ன்டேபிளில் போட்டுக் கேளுங்கள். அங்கும் வந்தால்தான் அது தட்டின் குறை.