ஜிம்னிக்கு அடித்தகடு பொருத்துதலும் சஸ்பென்ஷனை உயர்த்துதலும்

மாருதி சுசுகி நிறுவனம் 2023 ஜூனில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐந்து கதவு ஜிம்னி என்னும் நான்கு சக்கர இயக்க வண்டியை வாங்கியவர்களில் பலர், முதல் மலைப்பாதைப் பயணம் முடிந்ததுமே வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும் என்று பட்டறைக்குப் போகிறார்கள். வண்டியின் வயிற்றைப் பாறையிலிருந்து காக்கும் அடித்தகட்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான், அதுவும் கையில் பணம் மிஞ்சினால்தான் வருகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே என் உறுதியான கருத்து. முதலில் தகடு, பிறகு ஸ்பிரிங் என்று போனால், வேலையும் ஒழுங்காக முடியும், செலவும் ஒரே தடவையோடு நிற்கும்.

உயர்த்துவதால் என்ன கிடைக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஜிம்னியின் முன்னும் பின்னும் இருப்பவை திட ஆக்சில்கள், அதாவது இடது வலது சக்கரங்களை ஒரே விறைப்பான உடலாக இணைப்பவை. ஸ்பிரிங் அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எனவே ஸ்பிரிங்கை எவ்வளவு நீளமாக்கினாலும் ஆக்சிலில் தொங்கும், பல்சக்கரங்கள் அடங்கிய டிஃபரன்ஷியல் குடம் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போவதில்லை. அதை உயர்த்த வேண்டுமானால் பெரிய டயர் போடுவது ஒன்றே வழி. ஸ்பிரிங் உயர்த்துவது சேசிஸையும் அதில் தொங்கும் கியர்பாக்ஸ், இன்ஜின் விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், பெட்ரோல் டேங்க் ஆகியவற்றையும்தான். மூன்று கதவு ஜிம்னியின் சக்கர இடைவெளி 2250 மி.மீ.; ஐந்து கதவில் அது 2590 மி.மீ. இந்த நீளத்தால், மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிறு தட்டாமல் போகக்கூடிய கோணம் 28 பாகையிலிருந்து 24 பாகையாகக் குறைந்துவிட்டது. 50 மி.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 4 பாகை திரும்பக் கிடைக்கிறது. அதாவது நீள வண்டி குட்டை வண்டியின் திறனை எட்டிப் பிடிக்கிறது. ஐந்து கதவு ஜிம்னிக்கு 50 மி.மீ. உயர்வு நியாயமான அளவு என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அதற்கு மேல் போனால், கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு திருத்தமும் கட்டாயமாவதோடு, ஆக்சில்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகளும் அளவுக்கு மீறிய கோணத்தில் சுழன்று விரைவில் தேயும்.

தகட்டை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் எடை. 60 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள 3 மி.மீ. எஃகுத் தகடு ஏறத்தாழ எட்டரைக் கிலோ வரும். அதே அளவில் 6 மி.மீ. அலுமினியத் தகடு ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறையும். இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டேங்க் என்று நான்கு இடத்திலும் தகடு போட்டு, முன்னால் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் வின்ச்சும் வைத்தால், ஏறத்தாழ 1200 கிலோ எடையுள்ள சிறிய வண்டியின் மேல் ஏறும் சுமை கணிசமானது. ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஒரு ஜோடி ஸ்பிரிங்கின் மேல் 40 கிலோ கூடினால் வண்டி ஏறத்தாழ 10 மி.மீ. தாழும். காலி வண்டிக்கென்று ஸ்பிரிங் வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு தகடு மாட்டினால், காசு கொடுத்து வாங்கிய உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். இதற்கு அஞ்சி, வரப்போகும் சுமைக்காக முன்கூட்டியே கனமான ஸ்பிரிங் வாங்கி வெறும் வண்டியில் போடுவதும் தவறு. கற்பாதையில் வண்டி துள்ளும், பள்ளத்தில் சக்கரம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது.

தகட்டின் உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாதையைப் பார்க்க வேண்டும். எஃகு பாறையின் மேல் வழுக்கிச் செல்லும், வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், ஆனால் துருப்பிடிக்கும். அலுமினியம் எடை குறைந்தது, துருப்பிடிக்காது, ஆனால் கூரான பாறை அதில் பதிந்து பிடித்துக்கொள்ளும். வழுக்க வேண்டிய இடத்தில் வண்டி நின்றுவிடும். சேறும் உருளைக் கல்லுமான தோட்டச் சாலைகளுக்கு அலுமினியம் போதும். பாறை மேல் ஏறி இறங்குகிறவர்கள் எஃகையே வாங்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் தகட்டைக் கையில் எடுத்துச் சில இடங்களைப் பார்த்துவிடுங்கள். போல்ட்டுத் தலைகள் குழிக்குள் அடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலை முதல் பாறையிலேயே தேய்ந்துபோய், பிறகு ஸ்பானர் பிடிக்காது. தகட்டைக் கழற்ற வெல்டிங்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். இன்ஜின் ஆயில் வடிக்கும் திருகுக்கு நேராகத் துளை இருக்க வேண்டும். சைலன்சர் குழாய்க்கும் தகட்டுக்கும் இடையில் காற்று புகும் இடைவெளி வேண்டும். காய்ந்த புல் அங்கே சிக்கிக்கொண்டு, சூடான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் அருகில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது. ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகள் வரும்போது, ஓடு வேய்வதைப் போல ஒன்றன் விளிம்பு மற்றொன்றை மூட வேண்டும்: முன்தகட்டின் பின்விளிம்பு கீழேயும் பின்தகட்டின் முன்விளிம்பு அதற்கு மேலேயும் அமைந்தால்தான், வண்டி முன்னோக்கிப் போகும்போது பாறை எந்த விளிம்பிலும் மாட்டாது.

பொருத்தும்போது, தகடு சேசிஸ் சட்டத்திலும் அதன் குறுக்குச் சட்டங்களிலும்தான் தாங்க வேண்டும். இன்ஜின் ஆயில் பேனிலோ கியர்பாக்ஸ் உடலிலோ தகட்டைத் தொட்டபடி மாட்டினால், பாறையின் அடி நேராக அந்த வார்ப்பு உலோகத்துக்கே போய்ச் சேரும். தகடு இருந்தும் பயனில்லை. இடையில் குறைந்தது ஒரு விரல் கனம் இடைவெளி விடுங்கள். சட்டத்தில் ஏற்கெனவே உள்ள மரைத் துளைகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, எல்லாப் போல்ட்டையும் முதலில் கையாலேயே நான்கைந்து மரை ஏற்றி, தகடு தன் இடத்தில் அமர்ந்த பிறகே முறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு மறு மூலைக்குப் போனால், கடைசிப் போல்ட் துளைக்கு நேராக வராது. அதை வம்படியாகத் திருகுகிறவர்கள் சேசிஸின் மரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த 8 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டரும் 10 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டரும் பொதுவான அளவு. தகட்டோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தகடு ஏறிய பிறகு, வழக்கமாகக் கொண்டுபோகும் சாமான்களோடு வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் ஆக்சில், பின் ஆக்சில் எடைகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் கூடுதல் சுமையின் அளவைச் சொல்லித்தான் ஸ்பிரிங் விற்கிறார்கள். இந்த எண்கள் கையில் இருந்தால் விற்பவரின் ஊகத்தை நம்ப வேண்டியதில்லை. பழைய ஸ்பிரிங்கின் கீழ் வைக்கும் ஸ்பேசர் வளையம் மலிவானது. 20 முதல் 30 மி.மீ. வரை அது தாங்கும். அதற்கு மேல் உயர்த்த விரும்பினால் புதிய ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய ஷாக் நீளம் போதாமல், சக்கரம் தொங்கும் ஒவ்வொரு முறையும் தன் முழு நீட்டத்தில் இழுபட்டு, உள்ளேயே அறுந்துபோகும்.

வேலை செய்யும் தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் நான்கு சக்கரங்களிலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். பின்பக்கம் எளிது என்பதால் அங்கிருந்து தொடங்கலாம். ஜிம்னியின் கைப்பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கியதும் அது பயனற்றுப் போவதால், முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைப்பதில் எந்தச் சமரசமும் கூடாது. சக்கர நட்டுகளைத் தரையிலிருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, ஜாக்கியால் தூக்கி, சேசிஸ் சட்டத்தின் கீழ் இரு பக்கமும் ஆக்சில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டக் கூடாது.

பிறகு ஜாக்கியை ஆக்சிலின் கீழ் தாங்கலாக வைத்து, ஷாக்கின் கீழ்ப் போல்ட்டுகள், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடின் ஒரு முனை, பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப், ஏபிஎஸ் வயரின் கிளிப் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை மெதுவாக இறக்குங்கள். ஜிம்னியில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருப்பதால், ஆக்சில் போதுமான அளவு இறங்கியதும் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பெரும்பாலும் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி தேவைப்படாது. பேன்ஹார்ட் ராடு கழன்ற ஆக்சில் பக்கவாட்டில் நகரும் என்பதால் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும்போது பிரேக் ஹோஸ் விறைத்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பழைய ஸ்பிரிங் வெளியே வந்து புதியது உள்ளே போகாத இந்த இடைவெளியில்தான், பல பட்டறைகள் தவறவிடும் சோதனையைச் செய்ய வேண்டும். ஸ்பிரிங் இல்லாமலே ஆக்சிலை ஜாக்கியால், அதன் மேல்நோக்கிய அசைவைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும் வரை உயர்த்தி, ஷாக்கின் மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். புதிய ஷாக்கை முழுதாக அமுக்கினால் வரும் நீளம் இந்தத் தூரத்தை விட 20 மி.மீ. ஆவது குறைவாக இருக்க வேண்டும், ஏனெனில் அந்த ரப்பர் மேலும் நசுங்கும். இல்லையென்றால், பள்ளத்தில் விழும்போது அடியை வாங்குவது பம்ப் ஸ்டாப்பாக இராது. ஷாக்கே வாங்கி, தண்டு வளையும் அல்லது மவுண்டு பிய்ந்துபோகும். அளவு போதாவிட்டால் பம்ப் ஸ்டாப்பின் கீழ் உரிய கனத்தில் ஸ்பேசர் வையுங்கள். பெரிய டயர் போடுகிறவர்கள் இதே நிலையில் டயரை மாட்டி எங்கே உரசுகிறது என்றும் பார்த்துவிடலாம்.

புதிய ஸ்பிரிங்கின் முனை, கிண்ணத்திலுள்ள படியில் சரியாக முட்டி உட்கார வேண்டும். எல்லாவற்றையும் மாட்டிய பிறகும் பேன்ஹார்ட் ராடு, ஆக்சிலைச் சேசிஸோடு நீளவாட்டில் இணைக்கும் டிரெயிலிங் ஆர்ம், ஷாக் ஆகியவற்றின் முனைகளிலுள்ள புஷ் எனப்படும் ரப்பர் உறைகளின் போல்ட்டுகளை இறுதியாக இறுக்க வேண்டாம். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, நன்றாக அமுக்கிவிட்ட பிறகே அவற்றை முறுக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் இறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி சாதாரணமாக நிற்கும்போதே ரப்பர் முறுகி நின்று, சில மாதங்களில் கிழிந்துவிடும். தளர்த்தாத டிரெயிலிங் ஆர்ம் போல்ட்டுகளையும் இந்தக் கட்டத்தில் ஒருமுறை தளர்த்தி இறுக்குவதே முறை.

முன்பக்கத்தில் வேலை இதே வகைதான். வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புகளையும் கழற்ற வேண்டும், பிரேக் ஹோஸை ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிச் சோதிக்க வேண்டும். ஹோஸ் போதாவிட்டால் அதன் பிராக்கெட்டைக் கீழிறக்கும் துண்டு கிடைக்கிறது, அல்லது நீளமான ஹோஸை மாற்றிப் பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும்.

முன்பக்கத்தின் உண்மையான சிக்கல் கோணங்களில் இருக்கிறது. சேசிஸ் உயரும்போது, முன் ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் லீடிங் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து, ஆக்சிலையும் தன்னோடு சுழற்றுகிறது. ஆர்மின் நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. உயர்வு, சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டரில் மூன்று பாகைக்கும் மேல் தின்றுவிடும். காஸ்டர் குறைந்த வண்டியில் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நேராகாது. நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி அலையும். திட ஆக்சில் வண்டிகளுக்கே உரிய அந்த ஸ்டியரிங் உதறல் தொடங்குவதற்கும் இது ஒரு காரணம். மையம் விலகிய காஸ்டர் புஷ்களைப் போடுவது அல்லது திருத்திய ஆர்ம்களை வாங்குவது இதற்குத் தீர்வு. உதறலை அடக்கப் பெரிய ஸ்டியரிங் டேம்பர் போடுவது நோயை மறைப்பதே ஆகும்.

பேன்ஹார்ட் ராடு ஒரு முனையில் சேசிஸையும் மறுமுனையில் ஆக்சிலையும் பிடித்திருப்பதால், வண்டி உயர்ந்து ராடின் சாய்வு கூடும்போது ஆக்சில் சேசிஸ் முனையின் பக்கம் இழுபடும். 80 செ.மீ. நீளமுள்ள ராடில் இரு முனைகளுக்கும் இடையே ஏற்கெனவே 10 செ.மீ. உயர வேறுபாடு இருந்து அது 15 செ.மீ. ஆனால், விலகல் 8 மி.மீ. வரும். நீளத்தை மாற்றத்தக்க ராடு போட்டு, இரு பக்கமும் மட்கார்டிலிருந்து தூக்குநூல் விட்டு டயர் வரை அளந்து நடுவாக்குங்கள். இது முடிந்த பிறகே ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருத்தி ஸ்டியரிங் சக்கரத்தை நேராக்க வேண்டும். ஸ்டியரிங் கோணலாக நின்றால் வண்டி தடம் புரளாமல் காக்கும் ஜிம்னியின் மின்னணு அமைப்பான இஎஸ்பி, வண்டி திரும்புவதாக எண்ணி நேர்ச்சாலையிலேயே பிரேக் போடக்கூடும். கடைசியாக வீல் அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். உயர்ந்த வண்டியின் விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ பிரிவின் கீழ், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எனவே பணம் கொடுப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங், ஷாக், போல்ட் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி வீட்டில் வைத்திருங்கள்.

முதல் 500 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டையும், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சோதித்து, ஒவ்வொரு தலையிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும். ஸ்பிரிங் ஓரளவு அமர்ந்துவிடுமாதலால் அப்போது நான்கு உயரங்களையும் மீண்டும் அளந்து, முதலில் எழுதி வைத்தவற்றோடு ஒப்பிடுங்கள். சேற்றில் ஓடிய ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தகட்டின் மேல்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அங்கே தங்கும் ஈரச் சேறு சேசிஸ் சட்டத்தை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்வதால், மழைக்காலம் முடிந்ததும் தகட்டைக் கழற்றி, சட்டத்தைத் துடைத்து உலர்த்தி, துருத் தடுப்பு மெழுகு அடித்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.